மூன்றாவது பிளாட்ஃபோம்

அப்பாவின் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு பாண்டில் தொடங்கியது. எங்கள் ஆட்களின் பாண்ட் இல்லை. பக்கத்து வீட்டுச் சேர்பியப் பெடியன்களின் ரொக் பாண்ட். அதில் டிரம்ஸ் அடித்தது என்னுடைய அண்ணா.

அந்தப் பாண்டை இன்றைக்கும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மெல்பேர்னில் சேர்பிய வீடுகளில் அவர்களின் முதல் கசெட் எங்காவது கிடக்கும். தொடக்க காலத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வெள்ளைக்காரப் பெடியனின் பெயரைச் சொல்வார்கள். அவன்தான் முதலிலிருந்தே அடித்தவனாம். பிழை. அவனுக்கு முதல் என் அண்ணா இருந்தார். அதை ஒருவரும் எங்கேயும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். எனக்கு நீட்டி எழுத வராது.

நோபல் பார்க்கில் ரயில் பாதைக்குக் கிட்ட எங்கள் வீடு. ஊரை விட்டு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது, அண்ணாவுக்குப் பதினேழு. அப்பா டண்டினோங்கில் கார் சீற் செய்யும் பக்டரியில் வேலை செய்தார். பக்கத்து வீட்டு மிலானின் அப்பாவும் அதே பக்டரி, அதே லைன். இரண்டு பேரும் ஒரே காரில் போய் ஒரே காரில் வருவார்கள். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அவ்வளவு தூரமும் என்ன பேசுகிறீர்கள் என்று அம்மா கேட்டால், ஒன்றும் இல்லை என்பார் அப்பா. அது பொய். கார் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் இரண்டு பேரும் இறங்காமல் உள்ளேயே இருந்து பேசுவதை நான் ஜன்னலால் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வளவுக்கும் நடுவில் பலகை வேலி. அதற்கு அந்தப் பக்கம் மிலான் வீட்டுக் கராஜ். பாண்ட் பிறந்தது அங்கேதான்.

மிலான் என் அண்ணாவின் வகுப்பில் படித்தான். கிற்றார் அடிப்பான். பாடுவது அவனுடைய பெரியப்பாவின் மகன் ஸோரான். அவனுக்கு இருபது தாண்டியிருக்கும். டயர்க் கடையில் வேலை. தோள் வரைக்கும் முடி. பாண்ட் அவனுடைய யோசனை, பாட்டும் அவனுடையது, சண்டை பிடிப்பதும் அவன்தான். பேஸ் அடித்தவன் பேசவே மாட்டான். அவன் பெயர் எனக்கு மறந்துவிட்டது. பாண்டுக்கு மூன்றாவது பிளாட்ஃபோம் என்று அவர்களின் பாஷையில் பெயர் வைத்திருந்தார்கள். நோபல் பார்க் ஸ்டேஷனில் இரண்டு பிளாட்ஃபோம்தான். மூன்றாவது எங்கே என்று கேட்டேன். அதுதான் பாண்ட் என்றான் ஸோரான். எனக்கு விளங்கவில்லை. விளங்கின மாதிரித் தலையாட்டினேன்.

அந்தக் கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. சிவப்பு மிளகாய்ப் பெட்டிகள்தான் அடுக்கியிருக்கும். கறிமிளகாய் மாதிரிப் பெரிசு, உறைப்பு இல்லை. வெயில் காலம் முடிகிறபோது மிலானின் அம்மா அதைச் சுட்டு, தோல் உரித்து, அரைத்து, வருடம் முழுக்கப் போத்தலில் வைப்பார். பாண்ட் ஒத்திகைக்கு வருகிறவர்கள் முதலில் ஒரு பெட்டி உரிக்க வேண்டும். அது அவருடைய சட்டம். ஸோரான் கரி பிடித்த விரலோடு மைக்கைப் பிடிப்பான்.

அண்ணா அதற்குள் போனது இப்படி. சனிக்கிழமைகளில் அப்பா அவரை மிருதங்க வகுப்புக்குக் கூட்டிப் போவார். அண்ணாவுக்குப் பெரிய விருப்பம் இல்லை, ஆனால் கை வந்துவிட்டது. ஸோரான் தங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றை ரொக்காக மாற்றி வைத்திருந்தான். அந்தப் பாட்டு ஏழு தட்டுத் தாளத்தில் போகும். அப்போது அவர்களிடம் டிரம்ஸ் அடித்த பெடியன் ஒவ்வொரு முறையும் எட்டாக்கிவிடுவான். ஸோரான் கத்துவான். மறுபடி தொடங்குவார்கள். மறுபடி எட்டு. வேலிக்கு இந்தப் பக்கம் அண்ணா குப்பை வாளியை வெளியே இழுத்துக்கொண்டு போனார். நின்றார். வாளியின் மூடியில் தகிட தகதிமி என்று அடித்தார். மிஸ்ர சாபு. வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கே வரும்.

பாட்டு நின்றது. வேலிக்கு மேலே ஸோரானின் தலை வந்தது. இன்னொரு தரம் அடி என்றான். அண்ணா அடித்தார். ஸோரான் கையைக் கொடுத்து அவரை வேலிக்கு மேலால் தூக்கி எடுத்தான். வாளி நடுவழியிலேயே நின்றது. அன்று எங்கள் குப்பை போகவில்லை.

அதற்குப் பிறகு அண்ணா வேறு ஆள். வீட்டில் பேசாத ஆள் அங்கே பேசினார். ஸோரானோடு மல்லுக்கு நின்றார். இந்த இடத்தில் நிற்பாட்டு, இந்த இடத்தில் நான் தனிய அடிக்கிறேன் என்று சொல்லுவார். ஸோரான் கேட்பான். ஸோரான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. அண்ணா சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டுவார், பஸ்ஸில் முழங்காலில் தட்டுவார், படுத்தபடி சுவரில் தட்டுவார். அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். ஏழு ஏழாக எண்ணிக்கொண்டே நான் நித்திரையாகிவிடுவேன்.

நானும் வேலி தாண்டிப் போவேன். ஸோரான் எனக்குத் தங்கள் பாஷையில் ஒரு தூஷணம் பழக்கினான். அதை நான் சாப்பிடும்போது அப்பாவின் முன்னால் சொன்னேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா, அது என்ன, கறியின் பெயரோ என்று கேட்டார். அப்பாவுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது. பக்டரியில் தினமும் கேட்டிருப்பார். இப்போது யோசிக்கிறபோது, அப்பாவுக்கு அவர்களைப் பற்றி நாங்கள் நினைத்ததைவிடக் கூடத் தெரிந்திருந்தது.

மிலானின் அம்மாவும் எங்கள் அம்மாவும் வேலியடியில் பேசுவார்கள். ஒருவர் சொல்வதில் பாதி மற்றவருக்கு விளங்காது. ஆனால் நல்ல பழக்கம். நாங்கள் அந்த வீட்டை வாங்கிப் பால் காய்ச்சியபோது அம்மாவும் அப்பாவும் முறைப்படி தட்டோடு போய் அவர்களைக் கூப்பிட்டார்கள். மிலானின் அம்மா தட்டைப் பார்த்தார். அவர்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் முதலில் ஒரு கரண்டி இனிப்புக் கொடுப்பார்கள். அவர் அதுதான் இது என்று நினைத்துவிட்டார். சந்தனத்தை ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்தார். முகம் மாறவே இல்லை. நல்லாயிருக்கு என்றார். அம்மா வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திவிட்டு நிலத்தில் இருந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் முறை அப்படி. வாசலுக்கு வந்து வாயால் கூப்பிட வேண்டும். கூப்பிடாத வீட்டுக்கு நாங்கள் போனதில்லை. நோபல் பார்க்கில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். கல்யாணத்துக்கு ஃபோனில் மட்டும் சொன்னார்கள் என்று ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தோடு வருடக்கணக்கில் கதைக்காமல் இருந்தது.

அந்த டிசம்பரில் மிலானின் அம்மா வேலியடியில் அம்மாவிடம், வருகிற சனிக்கிழமை எங்கள் சாமியின் நாள் என்றார். மூன்று நாளாகச் சமையல், காலெல்லாம் நோகிறது என்றார். அந்த நாளில் இறைச்சி இல்லை, மீனும் அவரையும்தான் என்றார். அம்மா காத்துக்கொண்டு நின்றார். அவர் உள்ளே போய்விட்டார்.

அம்மா வந்து அப்பாவிடம் சொன்னார்:

"நாளைச் சொல்லுறா. வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

அப்பா பேப்பரை மடித்தார்.

அண்ணாவுக்கு அந்தச் சனிக்கிழமைதான் எல்லாம். அன்றைக்கு அந்தக் கராஜில் பாண்ட் முதல் முறையாக ஆட்களுக்கு முன்னால் வாசிக்கப் போகிறது. அவர்களின் ஆட்களுக்கு ஒரு மண்டபம் இருந்தது. அங்கே பாட்டுக்காரர்களை ஒழுங்கு செய்கிற ஒரு மனிதர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் ஜனவரியில் வரும் அவர்களின் புதுவருடத்துக்கு மண்டபத்தில் வாசிக்கலாம். மேடை, லைற், ஆயிரம் பேர் என்றான் மிலான். ஸோரான் ஐநூறு என்றான். அந்த ஏழுப் பாட்டுத்தான் கடைசிப் பாட்டு. அதில் அண்ணா தனியாக அடிக்கிற இடம் இருந்தது. அண்ணா கறுப்புச் சேர்ட் ஒன்றைத் தானே அயர்ன் பண்ணிக் கதவில் கொழுவி வைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் அப்பா சொன்னார்:

"நீ இண்டைக்கு அங்கை போகேல்லை."

அண்ணா கையை எடுத்தார். ஏன் என்று கேட்டார்.

"வீட்டுக்காரரைக் கூப்பிடாத இடத்திலை என்ர பிள்ளை போய் மேளம் அடிக்கிறதோ? கூலிக்குப் பிடிச்ச ஆள் மாதிரியோ?"

அப்பா குரலை உயர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அது எனக்கு இன்னும் கூடக் கோபம். ஒரு மனிதனின் வாழ்க்கையைப் பிடித்துக் கிழிக்கிறீர்கள், சாப்பாட்டையாவது நிறுத்தக் கூடாதா.

அண்ணா தான் பாண்டில் ஒரு ஆள், தன்னைக் கூப்பிடத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தார். தான் இல்லாவிட்டால் ஏழுப் பாட்டு இல்லை என்று சொன்னார். அம்மா, பிள்ளை மட்டும் போகட்டும், நாங்கள் போகாமல் விடுவோம் என்று மெல்லச் சொன்னார். அப்பா கை கழுவினார். குசினிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் முன்கதவுக்குப் பக்கத்தில் போட்டு அதில் இருந்தார். எங்கள் வீட்டில் பின்கதவும் இருந்தது. அண்ணா பின்கதவால் போயிருக்கலாம். போகவில்லை. அவர் அப்படிப்பட்ட பிள்ளை. அதுவும் எனக்குக் கோபம்.

பின்னேரம் மிலான் வந்து மணியை அடித்தான். அப்பா கதவைக் கொஞ்சம் திறந்து, அவன் இன்றைக்கு வரமாட்டான் என்றார். அவனுக்கு உடம்பு வருத்தமா என்று மிலான் கேட்டான். இல்லை, வரமாட்டான் என்றார் அப்பா. கதவைச் சாத்தினார். பிறகு வேலிக்கு மேலால் மிலான் அண்ணாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பலமுறை கூப்பிட்டான். அண்ணா அறைக்குள் கட்டிலில் இருந்தார். கறுப்புச் சேர்ட்டைப் போட்டிருந்தார்.

கோடை காலம். வெளிச்சம் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வருகிற சத்தம், கார்க் கதவுகள், பிளேற் சத்தம், மீன் மணம். பாண்ட் தொடங்கியது. இரண்டு பாட்டு ஒழுங்காகப் போனது. யாரோ அடிக்கிறான். பிறகு அந்த ஏழுப் பாட்டைத் தொடங்கினார்கள். குழம்பியது. நின்றார்கள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடி குழம்பியது. அண்ணாவின் அறைச் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. சரியாக, ஏழு ஏழாக. அந்தப் பக்கம் பிழை, இந்தப் பக்கம் சரி. நான் அதை எவ்வளவு நேரம் கேட்பது?

நான் பின்கதவால் போய் வேலி ஏறிக் குதித்தேன். காலில் செருப்பு இல்லை. சண்டைக்குத்தான் போனேன். அந்த வீட்டில் அத்தனை சனத்தை நான் பார்த்ததில்லை. வளவு முழுக்க மேசை போட்டு ஆட்கள். குசினி வாசலில் சாமிப் படம், அதற்குப் பக்கத்தில் நீளமான மெழுகுதிரி, ஒரு கிண்ணத்தில் சீனியும் வால்நட்டும் போட்டு அவித்த கோதுமை. மிலானின் அம்மா என்னைக் கண்டதும் ஒரு கரண்டி கோதுமையை என் வாயில் வைத்துவிட்டார். கோயில் கடலை மாதிரி, இனிப்பாக இருந்தது. வாய் நிறைய அதை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்க முடியவில்லை. விழுங்கும் வரைக்கும் நின்றேன்.

அவர்கள் என்னோடு பேசியது ஆங்கிலம். எனக்கு அது ஞாபகத்தில் எங்கள் பாஷையாகத்தான் நிற்கிறது.

"உங்கட நாலு பேருக்கும் காலமை தொடக்கம் பிளேற் வைச்சுக்கொண்டு நிக்கிறன். எங்கை அவை?" என்றார் அவர்.

நான் எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். நீங்கள் எங்களைக் கூப்பிடவில்லை என்றேன். நாங்கள் எல்லாவற்றுக்கும் உங்களைக் கூப்பிட்டோம், நீங்கள் எங்களைக் கூப்பிடவில்லை என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

மிலானின் அப்பா எழுந்து வந்தார். பெரிய உடம்பு. என் உயரத்துக்குக் குனிந்தார்.

"இண்டைக்கு நாங்கள் ஒருத்தரையும் கூப்பிடுறேல்லை. கூப்பிட்டா அது பிழை. நாளைத் தெரிஞ்ச ஆக்கள் தாங்களா வருவினம்."

நான் நம்பவில்லை என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் திரும்பிப் பக்கத்தில் இருந்த ஒரு கிழவரைக் கேட்டார்.

"உன்னை ஆர் கூப்பிட்டது?"

"ஒருத்தரும் இல்லை."

"உன்னை?"

"மீன் கூப்பிட்டது," என்றார் ஒரு தொப்பி போட்ட ஆள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் மண்டபத்து மனிதர் என்று மிலான் காதில் சொன்னான்.

எனக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. கூப்பிடாதது குற்றம் இல்லை. அது அவர்களின் முறை. இதை அப்பாவிடம் சொன்னால் முடிந்தது. அண்ணா வரலாம். இன்னும் நேரம் இருந்தது. மண்டபத்து மனிதர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உடனே ஓடியிருப்பேன். ஆனால் ஸோரானைக் கண்டேன். அவனுடைய முடியைக் காணவில்லை. ஒட்ட வெட்டியிருந்தான். காதெல்லாம் வெளியே தெரிந்தது. என்ன பார்க்கிறாய், வெயிலுக்கு நல்லது என்று சொல்லித் தலையைத் தடவினான். அடுத்த கிழமை தங்கள் நாட்டுக்குப் போகிறான் என்று மிலான் சொன்னான். அங்கே நாடு உடைந்துகொண்டிருந்த வருடம் அது. எதற்கு என்று கேட்டேன். சண்டைக்கு என்றான். விளையாட்டுக்குப் போகிறான் என்று சொல்வது மாதிரிச் சொன்னான். பேஸ் அடிக்கிறவனும் போகப்போகிறானாம். தனக்குப் பதினெட்டு வந்ததும் தானும் யோசிப்பானாம்.

அப்போது ஆண்கள் எல்லோரும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். பாண்ட் இல்லாமல், வாயால் மட்டும். ஸோரானை நடுவில் விட்டார்கள். ஒவ்வொருவராக வந்து அவனைக் கன்னத்தில் மூன்று தரம் கொஞ்சினார்கள். அவனுடைய அப்பா அவன் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார். கராஜுக்குள் இருந்த ஒரு பெடியன் அந்த நேரத்தில் டிரம்ஸை மெல்லத் தட்டத் தொடங்கினான். அன்றைக்கு அவசரத்துக்குப் பிடித்த ஆள், மிலானின் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரப் பெடியன். வியர்த்து ஒழுகியது. ஸோரானின் அம்மா மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய பிளேற்றில் மீன் அப்படியே இருந்தது. அவருக்கு மீன் பிடிக்காதாக்கும் என்று நினைத்தேன்.

நான் வேலி ஏறிக் குதித்து ஓடினேன். அப்பா அதே கதிரையில் இருந்தார். மூச்சு விடாமல் சொன்னேன். அவர்கள் ஒருவரையும் கூப்பிடுவதில்லை, அதுதான் முறை, எங்களுக்குப் பிளேற் வைத்திருக்கிறார்கள், தொப்பிக்காரரைக்கூடக் கூப்பிடவில்லை. கோதுமையைச் சொன்னேன், மீனைச் சொன்னேன். ஸோரானைச் சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

"தெரியும்," என்றார் அப்பா.

எனக்கு விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"கூப்பிடமாட்டினம் எண்டு தெரியும். மிலான்ர அப்பா ஒவ்வொரு வருசமும் காரிலை சொல்லுறவர்."

அப்ப ஏன் என்று கேட்டேன்.

"போய்க் காலைக் கழுவு."

அண்ணா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அதற்கு முதலும் பிறகும் அப்படிக் கண்டதில்லை. கூப்பிடவில்லை என்ற காரணம் பொய் என்று தெரிந்த பிறகு அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. முறைக்குக் கட்டுப்பட்டுத்தான் அதுவரை பொறுத்திருந்தார். முன்கதவுக்கு வந்தார். அப்பா எழும்பவில்லை.

"போறதெண்டா என்னைத் தள்ளிப்போட்டுப் போ."

அண்ணா நின்றார். அப்பா மெலிந்த மனிதர். ஒரு கையால் தள்ளலாம். அண்ணாவின் கை உயர்ந்தது. பிறகு சேர்ட்டின் பொத்தானைக் கழற்றத் தொடங்கியது. மேலேயிருந்து கீழே, ஒவ்வொன்றாக. சேர்ட்டைக் கழற்றி அப்பாவின் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெடியன் கடைசியில் பாட்டைப் பிடித்துவிட்டான். எட்டில். ஸோரான் பாட்டையே எட்டுக்கு மாற்றிப் பாடினான். ஆட்கள் கை தட்டினார்கள். கசெட்டிலும் அது எட்டில்தான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

மண்டபத்தில் அவர்கள் வாசித்தார்கள், ஸோரானுக்குப் பதில் மிலான் பாடினான். அண்ணா போகவில்லை. மிலான் ஒரு மாதம் வேலியடிக்கு வந்துபோனான், பிறகு விட்டுவிட்டான். அப்பாவும் மிலானின் அப்பாவும் ஒரே காரில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணா மிருதங்கத்தையும் விட்டார், சுவரில் தட்டுவதையும் விட்டார். பள்ளிக்கூடம் முடிந்த உடனே சிட்னிக்குப் போனார். மெரிலேண்ட்ஸில் ஒரு ஃபிரிட்ஜ் திருத்தும் கடையில் வேலை எடுத்தார். அம்மாவோடு ஃபோனில் கதைப்பார். அப்பா எடுத்தால், அம்மா நிக்கிறாவோ என்று மட்டும் கேட்பார்.

ஸோரான் போனான். சில மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். கை கால் எல்லாம் இருந்தது. இப்போது டைல்ஸ் கடை வைத்திருக்கிறான், தொப்பை வைத்திருக்கிறான். பாடுவதில்லை. பாண்டை மிலான் வேறு ஆட்களைப் போட்டு நடத்தினான். பேஸ் அடித்தவன் எங்கேயும் போகவில்லை. இதை வைத்து நான் அப்பாவோடு மனதுக்குள் வருடக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். பார்த்தீர்களா, ஒன்றும் நடக்கவில்லை. அண்ணா எந்தச் சண்டைக்குப் போயிருப்பார்? சேர்பியர்களின் சண்டைக்கா? எங்கள் ஆட்கள் மண்டபம் பிடித்து ஊர்ச் சண்டை வீடியோ போட்டுக் கூட்டம் வைத்தால் அதற்கும் அப்பா எங்களைக் கூட்டிப் போனதில்லை. வேலை என்பார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை.

அப்பாவின் செத்தவீட்டுக்கு லண்டனிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் தங்கச்சி. அண்ணாவும் வந்தார், நெருப்பு வைத்தார், அடுத்த நாள் போய்விட்டார். அவன் ஏன் இப்படி என்று அத்தை கேட்டார். நான் இந்தக் கதையைச் சொன்னேன். பெருமை பிடித்த மனுசன் என்று அப்பாவைத் திட்டினேன்.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியும். ஊரில் சண்டையில் செத்தவர் என்று தெரியும். மற்றதெல்லாம் அன்றைக்கு அத்தை சொல்லித்தான் தெரியும். சித்தப்பா ஊர்ப் பெடியன்களின் இசைக்குழுவில் டோலக் அடித்தவராம். பதினேழு வயதாம். பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் மறித்திருக்கிறார்கள். அப்பாதான், பாட்டுக்குத்தானே போகிறான், விடுங்கோ என்று சொல்லி, தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டிருக்கிறார். குழுவில் ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. வாசித்து முடித்து, அங்கேயிருந்தே எல்லோருமாக இயக்கத்துக்குப் போய்விட்டார்கள். பிறகு உடம்பும் வரவில்லை. ஸோரான் சண்டைக்குப் போவதை மிலானின் அப்பா காரில் முதலே சொல்லியிருப்பார்.

இதைக் கேட்டால் என் கோபம் போய்விடும் என்று அத்தை நினைத்தார். போகவில்லை. ஒரு வசனம். அண்ணாவைக் கூப்பிட்டு இருத்தி ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், கூப்பிடவில்லை, கூலிக்காரன் என்று எங்கேயோ கிடந்த ஒரு பழைய திமிரைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் தன்னைக் கேவலமாக நினைத்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டார். எங்களைக் கேட்டாரா?

அண்ணாவுக்கு ஃபோனில் சொன்னேன்.

"டோலக்கோ, தபேலாவோ?" என்று கேட்டார்.

டோலக் என்றேன். சரி என்றார். வைத்துவிட்டார்.

நான் அன்றைக்கு அப்பாவின் முன்னால் நின்றதைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அண்ணாவை வெளியே எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். முடி வெட்டியது, பேஸ்காரனும் போகப்போவது, அவர்கள் எழுந்து நின்று பாடியது, மூன்று தரம் கொஞ்சியது, அதற்கு ஒரு பெடியன் மேளம் தட்டியது, ஒன்றையும் விடவில்லை. கையைக் காலை ஆட்டி நடித்தும் காட்டினேன். அப்பா இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.